முதலெழுத்து இல்லாத பெயர்கள்: பைதன் பொதிகளின் சிறு வரலாறு

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். கணினியைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், வரலாறு படிக்கிறோம், அதுதான் தகுதி என்று சொல்லலாம். இந்தக் கட்டுரை ஒரேயொரு வரியின் வரலாறு. அந்த வரி எங்கள் ஐந்து பேருடைய லப்டொப்களிலும் பல மாதங்களாகக் கிடந்தது. அது என்ன செய்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

போன வருடம் ஆய்வுக்காகச் சில முதியவர்களிடம் நேர்காணல் செய்தோம். இடம்பெயர்ந்த காலத்தைப் பற்றிய கதைகள். "பேரை மட்டும் போட்டிடாதேங்கோ பிள்ளையள்" என்று சொல்லிவிட்டுத்தான் பலர் கதைக்கத் தொடங்கினார்கள். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிய பிறகு, அதிலுள்ள ஆட்பெயர்களையும் சின்னச் சின்ன ஊர்ப்பெயர்களையும் தேடி மறைக்க வேண்டியிருந்தது. கையால் செய்தால் வருடக்கணக்காகும். கணினித்துறை நண்பர் ஒருவர் அதற்கென்று பைதனில் ஒரு சின்ன நிரலை எழுதித் தந்தார். மறைக்கவேண்டிய பெயர்களின் பட்டியலும் அந்த நிரலுக்குள்ளேயே இருந்ததால் அதைப் பொதுவெளியில் போட முடியாது. ஒரு பழைய கணினியில் தனியார் களஞ்சியம் ஒன்றை அமைத்து அதில் வைத்தோம். அங்கிருந்து எடுப்பதற்கான கட்டளையைத் தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்தோம். அந்தக் கட்டளையில்தான் 'எக்ஸ்ட்ரா இன்டெக்ஸ் யூஆர்எல்' என்ற சொற்கள் இருந்தன. இணையத்தில் எங்கேயோ பார்த்து எழுதியது.

கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அந்தத் தாளைப் பார்த்த இன்னொரு நண்பர் கேட்டார்: "உந்த வரியை ஆர் எழுதினது? உங்கட பொதியின்ர அதே பேரில ஆரும் வெளியில ஒண்டைப் போட்டா, பிப் எதை எடுக்கும் எண்டு தெரியுமோ?"

தெரியாது. தேடிப் பார்த்தோம். பதில் கிடைத்தது. அந்தப் பதிலுக்குப் பின்னால் இருபது வருட வரலாறும் கிடைத்தது.

முதலில் அடிப்படை

உயர்தரத்தில் ஐசிரி எடுத்தவர்களுக்குப் பைதன் பழக்கமாக இருக்கும். மற்றவர்களுக்காக ஒரு சுருக்கம். பைதனில் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. ஏற்கெனவே யாரோ எழுதி, கட்டி, பெயர் போட்டு வைத்த நிரல்களை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அவைதான் பொதிகள். உலகத்துக்கே பொதுவான பைதன் களஞ்சியத்தின் பெயர் பைபிஐ. அங்கிருந்து பொதியை எடுத்துவந்து எங்கள் கணினியில் நிறுவித் தருகிற கருவி பிப்.

பிப்பிடம் நாங்கள் கொடுப்பது பெயரை மட்டும்தான். 'இன்ன பெயருள்ள பொதி வேண்டும்' என்கிறோம். யார் எழுதியது, எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்வதில்லை.

எங்கள் பள்ளிக்கூட இடாப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் மூன்று கஜன் இருந்தால் சி. கஜன், வ. கஜன், த. கஜன் என்று முதலெழுத்தை வைத்துத்தான் ரீச்சர் கூப்பிடுவார். முதலெழுத்தை எடுத்துவிட்டால் மூன்று பேரும் 'ப்ரசன்ட்' சொல்வார்கள். ஜாவா உலகத்தில் மேவன் களஞ்சியத்திலுள்ள பொதிகளுக்குக் குழு அடையாளம் என்ற ஒன்று முன்னால் வரும். அது அவற்றின் முதலெழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தின் என்பிஎம் களஞ்சியத்திலும் விரும்பினால் நிறுவனப் பெயரை முன்னால் போடலாம். பைதன் பொதிகளுக்கு அப்படி ஒன்று அமையவில்லை. ஏன் என்று விளங்க 1990களுக்குப் போக வேண்டும்.

எல்லாரும் எல்லாரையும் தெரிந்த காலம்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலுள்ள கணித, கணினி ஆய்வு நிலையத்தில் வேலைசெய்த கீடோ வான் ரொஸம் பைதனின் முதல் பதிப்பை 1991 பெப்ரவரியில் வெளியிட்டார். அப்போது பொதி, களஞ்சியம் ஒன்றும் இல்லை. ஒருவர் நிரல் எழுதினால் தன்னுடைய இணையத்தளத்தில் போடுவார், அல்லது மின்னஞ்சல் குழுவில் சொல்வார். தேவையானவர் போய் எடுத்து, தன் கணினிக்கு ஏற்றமாதிரித் தானே பொருத்திக்கொள்வார். 'பர்னாசஸ் பெட்டகங்கள்' என்ற தளம் இப்படிச் சிதறிக் கிடந்தவற்றின் இணைப்புகளைத் திரட்டி வைத்திருந்தது. அதுவும் இணைப்புகள்தான், பொருள் அங்கே இல்லை.

பேர்ள் மொழிக்காரர்களுக்கு 1995 முதலே சீபான் என்ற பொதுக் களஞ்சியம் இருந்தது. பைதன்காரர்கள் அதைப் பார்த்து ஏங்கினார்கள். முதல் படியாக, கிரெக் வோர்ட் முன்னின்று செய்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற கருவி 2000ஆம் ஆண்டு பைதனோடு சேர்ந்தே வந்தது. நிரலை எப்படிக் கட்டுவது, எப்படிப் பொருத்துவது என்பதற்கு ஒரு பொது வழி பிறந்தது. எங்கே தேடுவது என்பதற்கு இன்னும் வழி இல்லை.

2002இல் ரிச்சர்ட் ஜோன்ஸ் ஒரு முன்மொழிவை எழுதினார். பைதன் உலகில் இப்படியான முன்மொழிவுகளைப் பெப் என்பார்கள். இது பெப் 301. எல்லாப் பொதிகளின் விபரங்களையும் ஒரே இடத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். 2003இல் வந்த பைதன் 2.3இல் பதிவுசெய்யும் கட்டளையும் சேர்ந்தது. பைபிஐ பிறந்தது இப்படித்தான்.

அதற்கு ஒரு செல்லப்பெயரும் இருந்தது: சீஸ் கடை. பைதன் என்ற பெயரே பிரித்தானியாவின் மொண்டி பைதன் நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து வந்தது. அவர்களுடைய 1972ஆம் ஆண்டு நாடகத் துண்டு ஒன்றில் ஒருவர் சீஸ் கடைக்குப் போய் ஒவ்வொரு வகையாகப் பெயர் சொல்லிக் கேட்பார். கடையில் ஒன்றும் இருக்காது. பகிடி பொருத்தம்தான். ஆரம்பகாலப் பைபிஐயிலும் பெயரும் விபரமும்தான் இருந்தன, பொருள் எழுதியவரின் தளத்தில் இருந்தது. கோப்பையே ஏற்றும் கட்டளை 2006இல் வந்த பைதன் 2.5இல்தான் பைதனோடு சேர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெயரை முதலில் பதிந்தவருக்கே அந்தப் பெயர் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. பதிகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மின்னஞ்சல் குழுக்களில் எழுதியவர்கள். ஊருக்குள் 'கடைக்காரக் கந்தையா' என்றால் யாரென்று எல்லாருக்கும் தெரியும். அங்கே முதலெழுத்துக்கு வேலை இல்லை. ஊர் நகரமாகும் என்று அவர்கள் நினைத்திருக்கத் தேவையில்லை. நகரமானபோது பழைய இடாப்பே தொடர்ந்தது.

பிப்பும் அந்த 'எக்ஸ்ட்ரா'வும்

2004இல் பிலிப் ஈபி செட்டப்டூல்ஸைத் தந்தார். அதோடு வந்த ஈசி இன்ஸ்டோல் என்ற கருவி பெயரைச் சொன்னால் போதும், பைபிஐயில் தேடும். அங்கே கோப்பு இல்லாவிட்டால் எழுதியவரின் தளத்துக்கே போய் இணைப்புகளைத் துழாவி எடுத்துவரும். வசதிதான். ஆனால் எந்தத் தளத்திலிருந்து எதை எடுத்துவருகிறது என்று பார்க்க ஆள் இல்லை. 2008இல் இயன் பிக்கிங் பிப்பை எழுதினார். 2014இல் வந்த பைதன் 3.4 முதல் பிப் பைதனோடு கூடவே வரத் தொடங்கியது.

அந்த வருடங்களில் பெரிய கவலை பாதுகாப்பு அல்ல. பைபிஐ அடிக்கடி விழுந்துவிடும் என்பதுதான் கவலை. அதனால் பிரதிக் களஞ்சியங்கள் வைக்கும் முறைக்கு 2009இல் ஒரு முன்மொழிவு எழுதப்பட்டது. மூலத்தில் உள்ளதே பிரதியிலும் இருக்கும், எங்கிருந்து எடுத்தாலும் ஒன்றுதான். அந்தச் சூழலில் பல களஞ்சியங்களைச் சமமாக நடத்துவது ஒரு பிழையாகவே தெரியாது. வலையில் சான்றிதழைச் சரிபார்க்கும் பழக்கம்கூடப் பிப்புக்கு 2013இல் வந்த 1.3ஆம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை நடுவழியில் ஒருவர் பொதியை மாற்றிவிட்டாலும் பிப்புக்குத் தெரிந்திராது.

பிறகு துப்புரவு தொடங்கியது. 2013இல் ஹொல்கர் கிரேகலும் கார்ல் மேயரும் எழுதிய பெப் 438, வெளித்தளங்களைத் துழாவும் பழக்கத்தைக் குறைக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக டொனால்ட் ஸ்டஃப்ட் எழுதிய பெப் 470, அந்தப் பழக்கத்தை முற்றாகவே நிறுத்தச் சொன்னது. சரி, பைபிஐயில் கோப்பை வைக்க விரும்பாதவர்கள் என்ன செய்வது? அவர்கள் சொந்தமாகக் களஞ்சியம் நடத்தட்டும், பாவிப்பவர்கள் அதன் முகவரியை மேலதிகமாகச் சேர்த்துக்கொள்ளட்டும். பிப்பில் அதற்கென இருந்த வசதிதான் 'எக்ஸ்ட்ரா இன்டெக்ஸ் யூஆர்எல்'. அதே ஸ்டஃப்ட் 2015இல் எழுதிய பெப் 503, ஒரு களஞ்சியம் எப்படிப்பட்ட எளிய பக்கங்களாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதனால் யாரும் சொந்தக் களஞ்சியம் வைப்பது சுலபமாயிற்று.

நோக்கம் நல்லது. ஆனால் அந்த 'எக்ஸ்ட்ரா' என்ற சொல்லை நாங்கள் வாசித்த விதமும் பிப் வாசிக்கும் விதமும் வேறு. நாங்கள் நினைத்தது: முதலில் எங்கள் களஞ்சியத்தில் பார்க்கும், இல்லாவிட்டால் பைபிஐக்குப் போகும். நடப்பது அப்படியல்ல. பிப் இரண்டு இடத்திலும் பார்க்கும். இரண்டு இடத்திலும் அந்தப் பெயர் இருந்தால், எங்கள் நிபந்தனைக்குப் பொருந்துகிற ஆகக் கூடிய பதிப்பு எண் எங்கே இருக்கிறதோ அதை எடுக்கும். எங்கள் பொதி 0.3. வெளியே யாராவது அதே பெயரில் 99.0 என்று ஒன்றைப் போட்டால், வருவது 99.0.

அதோடு, மூலநிரலாக வரும் பொதியில் உள்ள கட்டளைகள் நிறுவும்போதே ஓடத் தொடங்கிவிடும். நாங்கள் அதைத் திறந்து பார்க்கும்வரை அது காத்திருக்காது.

2021 பெப்ரவரி

இந்த ஓட்டையை உலகத்துக்கு உறைக்கச் செய்தவர் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர். பெரிய கம்பனிகள் தங்களுக்குள் மட்டும் பாவிக்கும் பொதிகளின் பெயர்கள், அவை பொதுவில் விட்ட கோப்புகளுக்குள் சிதறிக் கிடப்பதை அவர் கவனித்தார். பெயர்தானே, அதில் என்ன ரகசியம் என்று யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் அதே பெயர்களில் பொதிகளைச் செய்து பைதன், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி ஆகிய மூன்று மொழிகளின் பொதுக் களஞ்சியங்களிலும் போட்டார். யாருடைய கணினியில் நிறுவப்படுகிறதோ அதன் பெயர் போன்ற சில விபரங்களை மட்டும் அவருக்கு அனுப்பும் பொதிகள் அவை. களவெடுக்கவில்லை, பிழை கண்டுபிடித்தால் பரிசு தருகிறோம் என்று அறிவித்திருந்த, அல்லது முன்கூட்டியே சம்மதித்திருந்த நிறுவனங்களைத்தான் சோதித்தார்.

35இற்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உள்ளகக் கணினிகளில் அவருடைய பொதிகள் ஓடின. அப்பிள், மைக்ரோசொஃப்ட், பேபால், டெஸ்லா எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. பரிசாக அவருக்கு 1,30,000 டொலருக்கு மேல் கிடைத்தது. பைதன் பக்கத்தில் முக்கிய காரணங்களில் ஒன்றாக அவர் காட்டியது எங்கள் தாளில் இருந்த அதே வரியைத்தான்.

இது அன்றைக்குத்தான் தெரியவந்த விடயமும் இல்லை. பிப்பின் இந்த நடத்தைக்கு 2018ஆம் ஆண்டைத் தாங்கிய ஒரு பாதுகாப்புக் குறை இலக்கம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. அது குறை அல்ல, வடிவமைப்பே அப்படித்தான், கவனமாகப் பாவிக்க வேண்டியது பயனரின் பொறுப்பு என்ற மறுப்பும் அந்தப் பதிவிலேயே இருக்கிறது. வாசித்தபோது எங்களுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அந்த வசதியை நம்பி உலகம் முழுக்க எத்தனையோ பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரே இரவில் மாற்றுவதும் லேசில்லை என்று விளங்கியது. ஆனாலும், பொறுப்பு பயனருக்கு என்றால் அந்தப் பயனர் யார்? தாளைப் பார்த்துத் தட்டிய நாங்கள்தானே.

நத்தார் விடுமுறையில் நடந்தது

பிர்சான் செய்தது சோதனை. 2022 டிசம்பரில் நடந்தது சோதனை இல்லை.

செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்குப் பரவலாகப் பாவிக்கப்படும் பைடோர்ச்சின் இரவுதோறும் வெளிவரும் பதிப்புகள் அதன் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தன. அவற்றுக்குத் தேவையான டோர்ச்ட்ரைடன் என்ற துணைப்பொதியும் அங்கேதான் இருந்தது, பைபிஐயில் அல்ல. யாரோ ஒருவர் அதே பெயரில் பைபிஐயில் ஒன்றைப் போட்டார். டிசம்பர் 25இற்கும் 30இற்கும் இடையில் லினக்ஸ் கணினிகளில் பிப் மூலம் அந்த இரவுப் பதிப்பை நிறுவியவர்களுக்குப் போலியே வந்து சேர்ந்தது. பயனரின் வீட்டுக் கோப்புறையில் உள்ள முதல் ஆயிரம் கோப்புகளையும், வேறு கணினிகளுக்குள் நுழையும் சாவிக்கோப்புகளையும் வாசித்து வெளியே அனுப்பும் வேலையை அது செய்தது. நிலையான பதிப்பைப் பாவித்தவர்களுக்குப் பாதிப்பில்லை.

வீட்டுக் கோப்புறையின் முதல் ஆயிரம் கோப்புகள். இதை வாசித்தபோது எங்களில் ஒருத்தி ஒன்றும் பேசாமல் தன் லப்டொப்பைத் திறந்து கோப்புகளை எண்ணிப் பார்த்தாள். நேர்காணல்கள் எல்லாமே அந்த ஆயிரத்துக்குள் அடங்கும்.

பைடோர்ச் குழு என்ன செய்தது என்பது எங்களுக்குச் சுவாரசியமாக இருந்தது. துணைப்பொதியின் பெயரைப் பைடோர்ச்-ட்ரைடன் என்று மாற்றியது. அந்தப் பெயரில் பைபிஐயிலும் ஒரு வெற்றுப் பொதியைத் தாங்களே பதிந்து இடம்பிடித்துக்கொண்டது. அதாவது, முதலெழுத்துப் போட்டு இடாப்பிலும் பதிந்துவிட்டார்கள்.

2023இல் பெப் 708 வந்தது. ஒரே பெயர் வெவ்வேறு களஞ்சியங்களிலிருந்து வந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று அந்தக் களஞ்சியங்களே அறிவித்திருந்தால் ஒழிய நிறுவக்கூடாது என்பது அதன் யோசனை. எழுதியவர் அதே டொனால்ட் ஸ்டஃப்ட். எட்டு வருடங்களுக்கு முன்னர் பல களஞ்சியங்களுக்கு வழிகாட்டியவரே அந்த வழியில் காவல் போட வேண்டியிருந்தது. இதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. தான் கட்டியதைத் திரும்பப் போய்த் திருத்துகிறவர்கள் நாங்கள் படிக்கும் வரலாற்றில் அதிகம் இல்லை. 2024இல் வந்த யூவி என்ற புதிய கருவியோ, ஒரு பெயரை எந்தக் களஞ்சியத்தில் முதலில் காண்கிறதோ அங்கேயே நின்றுவிடுகிறது. மற்றக் களஞ்சியத்தில் 99.0 இருந்தாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

நாங்கள் என்ன மாற்றினோம்

ஒரு சனிக்கிழமை ஐந்து பேரும் ஒன்றாக இருந்து செய்தோம். முதலில் பைபிஐயில் எங்கள் பொதியின் பெயரைத் தேடினோம். நல்லகாலம், ஒருத்தரும் போட்டிருக்கவில்லை.

பிறகு 'எக்ஸ்ட்ரா' வரியை எடுத்துவிட்டு, 'இன்டெக்ஸ் யூஆர்எல்' என்ற ஒரே முகவரியாக எங்கள் களஞ்சியத்தைக் கொடுத்தோம். அப்படியென்றால் மற்றப் பொதிகளுக்கு எங்கே போவது? அதற்குத்தான் டெவ்பி என்ற களஞ்சிய மென்பொருளைப் போட்டோம். எங்களிடம் இல்லாததை அது பைபிஐயிலிருந்து எடுத்துத் தரும். எங்களிடம் உள்ள பெயரென்றால், நாங்கள் அனுமதி கொடுத்தால் தவிர, வெளியே இருப்பதைக் கலக்காது. ஒருமுறை இறக்கியதைச் சேமித்தும் வைக்கும் என்பதால் டேட்டாவும் மிச்சம். கரண்ட் போனால் களஞ்சியமும் போகும், அது வேறு கதை.

முகவரியைத் தாளில் எழுதாமல் பிப்பின் அமைப்புக் கோப்பில் போட்டோம். லினக்ஸில் அது பிப்.கொன்ஃப், விண்டோஸில் பிப்.இனி. கடவுச்சொல்லை முகவரிக்குள் எழுதும் பழக்கத்தையும் விட்டு, அதைத் தனியே நெட்ஆர்சி கோப்பில் வைத்தோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்து 'பிப் கொன்ஃபிக் லிஸ்ட்' கட்டளையைக் கொடுத்தால், ஒரு லப்டொப்பில் பழைய 'எக்ஸ்ட்ரா' முகவரி இன்னும் உயிரோடு இருந்தது. எப்போதோ சூழல் மாறியாகப் போட்டு மறந்தது. கோப்பைத் திருத்தினாலும் சூழல் மாறி போகாது. அதையும் தேடி அழித்தோம்.

கடைசியாக எங்கள் பொதிக்குப் பெயர் மாற்றினோம். முன்னால் எங்கள் குழுவின் பெயரைச் சேர்த்தோம்.

தேடிக்கொண்டு போனபோது எங்களுக்கு ஒரு வில்லன் அகப்படவில்லை. ஒருத்தரையொருத்தர் தெரிந்தவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த நம்பிக்கையை, தெரியாதவர்கள் நிறைந்த இடத்திலும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். நாங்கள் அதைத் தாளில் எழுதி விநியோகித்தோம். அந்த முதியவர்கள் தங்கள் கதையைத் தந்தது எங்கள் முகத்தைப் பார்த்து. எங்கள் லப்டொப் எங்கிருந்து எதை எடுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துவைத்திருக்க வேண்டியது நாங்கள்.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது ஆய்வுக்கோ வேலைக்கோ தனிக் களஞ்சியம் ஒன்றைப் பாவிப்பவராக இருந்தால், இன்றைக்கே அந்த 'பிப் கொன்ஃபிக் லிஸ்ட்' கட்டளையை ஒருக்கால் கொடுத்துப் பாருங்கள். 'எக்ஸ்ட்ரா' என்ற சொல் வந்தால், அதை எழுதியது யார் என்று கேளுங்கள்.